யாரைச் சேர்க்க வந்தீர்கள்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். "எல்லாம் சரிம்மா, பெரியம்மாகிட்ட கேட்டியா?" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கேட்காமல் இல்லை, பல தடவை கேட்டேன். ஒரு நாள் "உனக்கு எது தோதோ அப்படிச் செய்" என்றாள், இன்னொரு நாள் "யாருக்கு இடம் பாக்கறே?" என்றாள், மற்றொரு நாள் நான் கேட்டு முடிப்பதற்குள் "உன் சட்டைல பட்டன் போயிருக்கு பாரு" என்றாள். இதில் எதை அக்காவின் பதில் என்று எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பவும் மனம் வரவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குத் தூங்கி எழுந்து இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அப்பாவின் முழங்கால் தேவலை. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை அவர் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவிலேயே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார், கேட்டால் தூரத்தை யாரும் குறிப்பிட்டுச் சொல்லவில்லையே என்கிறார். இன்னும் கார் ஓட்டக் கூடாது என்பதால் எல்லா இடத்துக்கும் நான்தான். எனக்கு வேலை எப்போதும்போல, தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக வாங்கிவைத்துப் பரிசோதிப்பதும், அதில் இருப்பதை இல்லை என்று எழுதச் சொல்கிறவர்களிடம் முடியாது என்று சொல்வதும். வீட்டுக்கு வந்தால் அக்கா.

உனக்கு முழுவதும் சொல்லவில்லை, கவலைப்படுவாய் என்றுதான். பெரியப்பா காலமாகி அக்கா நம் வீட்டுக்கு வந்தபோது வெறும் ஞாபக மறதி என்று நினைத்தோம். முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்து, அழுதுகொண்டு வருகிறவர்களையும் சண்டைக்கு வருகிறவர்களையும் சரியான மாடிக்கு அனுப்பிவைத்தவள் அவள். தெரியாது என்ற சொல்லையே அங்கே சொல்லக் கூடாதாம், தெரியாவிட்டால் எதிர்க் கேள்வி கேட்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை வைத்து எங்கள் எல்லோரையும் வெகுநாள் ஏமாற்றிவிட்டாள். நரம்பியல் டாக்டர் "இன்னைக்கு என்ன தேதிம்மா?" என்று கேட்டதற்கு "ஏன் டாக்டர், இன்னும் சம்பளம் வரலையா?" என்று கேட்டாள், அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவள் பதில் சொல்லவில்லை என்பதை நான்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்பது இருந்தது.

போன மாதம் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க அக்கா எங்க கவுன்டர்ல உக்காந்துக்கிட்டு வர்றவங்களையெல்லாம் மூணாவது மாடிக்கு அனுப்பறாங்க, எங்க கடைக்கு மாடியே கிடையாது" என்றார். அவர் நல்ல மாதிரி, சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கடைக்குப் போக நாலு பக்கமும் வண்டி வருகிற சாலையைக் கடக்க வேண்டும். அடுத்த வாரமே கொதிக்கிற தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டாள். பகலில் துணைக்கு வைத்த பெண்ணிடம் வேலைக்கு வந்த நாளிலிருந்து "உங்க விஷயம் முடிஞ்சிடுச்சு, நீங்க கிளம்பலாம்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், கடைசியில் அந்தப் பெண் கிளம்பியே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் முதியோர் இல்லங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். உன் அப்பா மனசு கேட்காமல் "கொஞ்ச நாள் நானே பாத்துக்கறேனே" என்கிறார், பாவம், அவரைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வேண்டியிருக்கிறது.

முதலில் பார்த்த இல்லம் ஓட்டல் மாதிரி இருந்தது, வாசலில் மீன் தொட்டி, உள்ளே எல்லா நாற்காலியும் டிவியைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லாமல். இரண்டாவதில் பினாயில் வாசனை மூக்கைப் பிடித்தது. அவ்வளவு பினாயில் ஊற்றினால் எதையோ மறைக்கிறார்கள் என்று எங்கள் தொழிலில் நினைப்போம். நாங்கள் தண்ணீர் எடுக்க வரப்போவதை முன்கூட்டிச் சொன்னால் அன்றைக்குக் காலையிலேயே தொட்டியில் குளோரினைக் கொட்டி வைத்திருப்பார்கள், அந்தத் தண்ணீரைப் பரிசோதித்து என்ன பிரயோஜனம். அதனால் மூன்றாவது இல்லத்துக்கு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு செவ்வாய்க்கிழமையே போய்விட்டேன், அதாவது நேற்று. அப்பாவுக்கு அன்றைக்கு முழங்கால் டாக்டர், அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்ட பிறகு அக்காவைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இடம் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவள் தலை வாரி, கைக்கடிகாரம் கட்டி, கைப்பை எடுத்து, காலணியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஆய்வகத்திலிருந்து பாதி நாள் விடுப்பில் வந்த அதே உடையில், பட்டன் போன அதே சட்டையில், அவளுடைய மாற்றுத்துணியும் மருத்துவக் காகிதங்களும் திணித்த பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

அந்த இல்லம் ஒரு ரொட்டிக்கடைக்குப் பின்னால், பழைய இரண்டு மாடிக் கட்டடம். பொறுப்பாளர் என் வயதுப் பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார். அக்கா கையை நீட்டி, "வணக்கம், போன்ல பேசினோமே. சொல்லாம கொள்ளாம வந்துட்டோம், தப்பா நினைக்காதீங்க" என்றாள். அவள் யாரிடமும் போனில் பேசவில்லை, இருந்தாலும் கச்சிதமாக இருந்தது. நான் அந்த நேரத்தில் சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தேன், திரைச்சீலையை முகர்ந்தேன், கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர் என்னை ஒரு தரம் பார்த்தார், அக்காவை ஒரு தரம் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி அக்காவிடம் "எவ்வளவு நாளா இப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுலயே இப்படித்தான், உம்மணாமூஞ்சி. இப்ப ரெண்டு வருஷமா ரொம்ப அதிகம்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். நீ சிரிப்பாய் என்று தெரியும், ஆனால் யோசித்துப் பார், முன்னறிவிப்பு இல்லாமல் மாதிரி எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு எங்கே கிடைக்கும். பொறுப்பாளர் அக்காவை அலுவலக அறைக்கு அழைத்தார், அதற்குக் கண்ணாடிச் சுவர், அக்காவை எங்கிருந்தும் பார்க்கலாம். பச்சை உடுப்புப் போட்ட ஒரு இளம் உதவியாளரைக் கூப்பிட்டு "இவங்களை உள்ளே உக்கார வைம்மா" என்றார். அவள் வந்து என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்தாள், நான் போனேன்.

ஜன்னலோரம் உட்காரவைத்தாள். என் பையை எடுக்கப் போனாள், "நான் வச்சுக்கறேன்மா, பத்திரமா இருக்கும்." எனக்குச் சுர்ரென்று ஏறியது, பையை இறுக்கிப் பிடித்தேன். உடனே கையை எடுத்துவிட்டு "சரி, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். டீ கொண்டுவந்தாள், அரைக் கோப்பை, சூடு ஆறியது. சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் நகரவில்லை, நான் ஒரு மடக்குக் குடித்துத் தலையாட்டும்வரை நின்றாள். அதற்குள் சலவைத் துணியைச் சுமந்துகொண்டு வயதான இன்னொருத்தி வந்து, என் தலைக்கு மேலேயே "புதுசா? பேசுமா?" என்று கேட்டாள். ஐம்பது வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் ஒரு மாட்டைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டதில்லை. பச்சை உடுப்புக்காரி "பேசுவாங்கக்கா. இப்ப வேணாம்னு இருக்காங்க போல" என்றாள். பக்கத்து நாற்காலியில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், பஸ் ஓட்டியவராம், என் பக்கம் சாய்ந்து "இது கிளம்ப நேரமாகும், நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று ரகசியமாகச் சொன்னார். இவ்வளவு பேரில் என்னை ஒரு பயணியாக மதித்துப் பேசியவர் அவர்தான்.

அப்புறம் எழுந்து வாசல் கதவைப் போய்த் தள்ளிப் பார்த்தேன், எண் அழுத்தித் திறக்கிற பூட்டு, திறக்கவில்லை. பொய்யாகத்தான் தள்ளினேன், ஆனால் திறக்காத கதவின் முன்னால் நிற்கும்போது அது பொய்யாக இல்லை. இங்கேதான் தெரியும் என்று காத்திருந்தேன், கையைப் பிடித்து இழுப்பார்களா, அதட்டுவார்களா, கொஞ்சுவார்களா. அந்தப் பெண் வந்து "வெளில போகணுமா? இருங்க, நான் செருப்பு மாட்டிக்கிட்டு வரேன், ரெண்டு பேருமா போலாம்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையிலேயே மாட்டிக்கொண்டு வந்து, பக்கத்துக் கதவைத் திறந்து, பின்பக்கத்து முற்றத்தில் துணி காய்கிற கொடிகளுக்கு நடுவே என்னோடு நடந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநாளாக யாரும் ஒன்றும் கேட்காமல் என்னோடு நடந்ததில்லை.

குறைகளையும் எழுதுகிறேன், அப்புறம் அம்மா மயங்கிவிட்டாள் என்று சொல்லாதே. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, பாதுகாப்புக்காக என்பார்கள், இருந்தாலும் ஒரு திரையாவது போடலாம். லிஃப்ட் ஓடவில்லை. டிவி யாரும் பார்க்காமலே அலறுகிறது. ஒரு நல்ல பெண் ஒரு மதியம் நன்றாக நடந்துகொண்டாள் என்பதை வைத்து அந்த இல்லம் நல்லது என்று முடிவு கட்ட நான் தயாராக இல்லை.

திரும்பி வந்து அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன், கதவு திறந்திருந்தது. அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து பொறுப்பாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "காலைல முகம் கழுவற வரைக்கும் அவகிட்ட யாரும் பேசக் கூடாது, எரிஞ்சு விழுவா." "சாப்பிடறப்ப பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா தட்டைத் தள்ளிடுவா." "இருட்டுன்னா பயம், ஆனா சொல்ல மாட்டா. கதவை ஒருக்களிச்சு வச்சா போதும்." எல்லாம் என்னைப் பற்றி, எல்லாம் சரி. நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இருட்டு விஷயம் உன் அப்பாவுக்கே தெரியாது, இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது, விடு.

பிறகு அக்கா கேட்டாள், "வீட்டுக்குப் போகணும்னு அழுதா அவகிட்ட என்ன சொல்லுவீங்க?" நான் வாரக்கணக்காக எழுதி வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை. பொறுப்பாளர் "நாளைக்குப் போலாம்னு சொல்லுவோம்" என்றார். "நாளைக்குப் போவாளா?" என்றாள் அக்கா. அவர் இல்லை என்று தலையாட்டினார். "அப்ப பொய்தானே. அது வேணாங்க. நேரா சொல்லிடுங்க. அழுவா, நல்லா அழுதுட்டு அவளே நிறுத்திடுவா. பொய் சொன்னீங்கன்னா அப்புறம் உங்க கையால தண்ணிகூட வாங்க மாட்டா." அவர் சரி என்றார், பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்ப தங்கச்சியை எப்ப சேர்க்கலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா ஆச்சரியமாக, "சேர்க்கறதா? அவளையா? வீட்லதான் நான் இருக்கேனே, அவளை எதுக்கு இங்க விடணும்?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உள்ளே போய் என் பெயரையும் வேலையையும் சொல்லி, யார் யார் என்பதையும் சொன்னேன். பொறுப்பாளர் தலைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை ஒழுங்காகப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "நாங்க உங்களை நோயாளின்னு நினைச்சுப் பழகினதை நீங்க உக்காந்து வேடிக்கை பாத்திருக்கீங்க" என்றார். நியாயமான கோபம், மன்னிப்புக் கேட்டேன், செய்ததற்கு வருந்துகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அக்காவுக்கு எதுவும் பிடிபடவில்லை, "இவ எப்பவும் இப்படித்தான், கடைசியிலதான் வாயைத் திறப்பா" என்று அவரைச் சமாதானப்படுத்தினாள். பிறகு என் கேள்விகளைக் கேட்டேன். ஆளை அமைதியாக உட்காரவைக்க மாத்திரை கொடுப்பீர்களா என்றதற்கு, "டாக்டர் எழுதினா கொடுப்போம். எழுதுங்கன்னு நாங்க போய் கேக்க மாட்டோம்" என்றார், இதுவரை கேட்டதில் நல்ல பதில் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு என்று அவராகவே ஒப்புக்கொண்டார். கடைசியில், முழுக்கச் சேர்க்க வேண்டாம், முதலில் பகல் நேரம் மட்டும் கொண்டுவந்து விடுங்கள், நாளைக்கழித்தே வரலாம் என்றார். அதாவது நாளைக்கு.

நாளைக்கு அவளிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்று உன் அப்பாவும் நானும் பேசினோம். நரம்பியல் டாக்டர் எதிர்த்துப் பேசாதீர்கள், அவர்கள் போக்கிலேயே போங்கள் என்கிறார். "உன்னைக் கொண்டுபோய் விட வர்றதா நினைச்சுக்கட்டும், சந்தோஷமா வருவாங்க" என்கிறார் உன் அப்பா, அது சுலபமும்கூட. ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளே என் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். அது என்னைப் பற்றிச் சொன்னதா, தன்னைப் பற்றிச் சொன்னதா, இரண்டுக்கும் நடுவில் கோடு போட இப்போது அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது. நேராகச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். மாட்டேன் என்றால் கூட்டிப்போவதாக இல்லை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வேறு வழி யோசிக்க வேண்டியதுதான்.

நீ விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டாம், வந்தால் அவளுக்கும் குழப்பம், உனக்கும் வேலை கெடும். ஒன்று மட்டும் செய். பெரியம்மாவிடம் பேசும்போது "நான் யாருன்னு தெரியுதா?" என்று ஆரம்பிக்காதே, எல்லோரும் அதையே கேட்கிறார்கள், அவளுக்குப் பரீட்சை மாதிரி இருக்கிறது. நீ யார் என்பதை முதலில் நீயே சொல்லிவிடு. மாப்பிள்ளையோடு மனஸ்தாபம் வந்தால் நாள்கணக்கில் பேசாமல் இருக்காதே, அது என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்து, அதை வைத்துக்கொண்டு ஒரு லாபமும் இல்லை. கண் டாக்டரிடம் போனாயா, இல்லையா, அதை எழுது. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசீர்வாதம், பெரியம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு, கேட்டே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறுநாள் மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததைச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

காலையில் டீ குடிக்கும்போது சொன்னேன். "அக்கா, உனக்கு மறதி நோய் வந்திருக்கு. நான் வேலைக்குப் போற நேரம் உன்னைத் தனியா விட பயமா இருக்கு. முந்தாநாள் பாத்த இடத்துல பகல்ல மட்டும் இருக்கறியா?" என்றேன். "எனக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள், சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தேன். அங்கே போய் கார் நின்றதும் இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். பொறுப்பாளர் வாசலில் வந்து நின்றார், கிட்டே வரவில்லை. நான் சரி, வீட்டுக்கே போகலாம் என்று சாவியைத் திருப்பப் போனேன், அதற்குள் நானும் அழுதுவிட்டேன், அவள் முன்னால் நான் கடைசியாக எப்போது அழுதேன் என்று எனக்கு நினைவில்லை. அக்கா தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, "அழாதடி. நான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பச்சை உடுப்புப் பெண்ணுக்கு இன்று விடுமுறை, பேசுமா என்று கேட்டவள்தான் வாசலில் இருந்தாள், அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ஆய்வகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் போன் செய்தேன், ஒரு தரம் என்னைக் கேட்டு அழுதாளாம், சாயங்காலம் நான் வருவேன் என்று சொன்னார்களாம், அழுது முடித்துச் சாப்பிட்டாளாம். சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கை நடுங்குகிற ஒரு அம்மா, கோப்பையை அக்கா அடியில் தாங்கிப் பிடித்திருந்தாள். வா, போகலாம் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இரு, இவங்க குடிச்சு முடிக்கட்டும். அப்படி உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

அம்மா